கொலம்பஸில் வீடு வாங்கிய தங்கச்சி

அமெரிக்காவில் கொலம்பஸ் என்றொரு நகரம் இருக்கிறது. ஒஹாயோ மாநிலத்தில். பெரிய நகரம் என்றும் சொல்ல முடியாது, சின்ன நகரம் என்றும் சொல்ல முடியாது. அங்கே ஒரு டசின் முட்டை என்ன விலை, வெங்காயம் என்ன விலை, மூன்று அறை வீட்டுக்கு வாடகை எவ்வளவு என்றெல்லாம் எனக்குத் தெரியும். நான் இருப்பது சிட்னியில், டூங்கபியில். கொலம்பஸ் மண்ணை மிதித்ததே இல்லை. இரண்டு ஊர்களின் பெயரைக் கொடுத்தால் எங்கே சீவியம் மலிவு என்று வரிவரியாக ஒப்பிட்டுக் காட்டும் இணையத்தளம் ஒன்று இருக்கிறது. மற்றவர்கள் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோல நான் அதைப் பார்ப்பேன். வேலைக்குப் போகும் ரயிலில் பார்ப்பேன். சோறு வேகும்போது பார்ப்பேன். சிட்னி வென்ற வரி ஒன்றாவது இருக்காதா என்று மேலும் கீழும் தேடுவேன்.

காரணம் என் தங்கச்சி. அவள் கொலம்பஸில் வீடு வாங்கிவிட்டாள்.

பொறாமைதான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. வயிறு பற்றி எரிந்தது. சொந்தத் தங்கச்சியிலா என்று கேட்பீர்கள். ஓம், சொந்தத் தங்கச்சியில்தான். ஊரான் வீடு வாங்கினால் எனக்கென்ன, வாங்கிவிட்டுப் போகட்டும்.

அம்மாவும் அப்பாவும் போனபிறகு என் இரத்தம் என்று மிச்சமிருப்பது அவள் ஒருத்தி. எனக்கும் அவளுக்கும் மூன்று வயதுதான் வித்தியாசம். எனக்கு ஞாயிறு காலை, அவளுக்குச் சனி பின்னேரம், அந்த நேரம் வீடியோவில் கதைப்போம். என் மகளுக்குப் பதினான்கு வயது, கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில். என்னவர் பஸ் ஓட்டுகிறவர், வீட்டுக்கு வந்தால் வாய் திறக்கவே அலுப்பு. மனம் விட்டுக் கதைக்க எனக்கு இருந்தது வாரத்தில் அந்த ஒரு மணித்தியாலம். அதைத்தான் என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன்.

முதலில் நான் அவளுக்காகப் பரிதாபப்பட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். அவள் புருசனுக்கு அமெரிக்காவில் வேலை என்றபோது நியூயோர்க் என்று நினைத்தேன். கொலம்பஸ் என்றாள். வரைபடத்தில் பார்த்தால் கடலும் இல்லை, ஒன்றும் இல்லை, சுற்றிவர சோளக்காடு. ரயில்கூட இல்லையாம். "பாவம் பிள்ளை, எங்கயோ ஒரு மூலைக்குள்ள போய் மாட்டுப்பட்டுட்டாள்" என்று என்னவரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். சிட்னி ஹாபர் பாலத்துக்கு முன்னால் நின்று எடுத்த படங்களை அவளுக்கு அனுப்பினேன். வறுத்த மிளகாய்த்தூள் பார்சல் கட்டி அனுப்பினேன். அந்தக் காலத்தில் நான் மிகவும் நல்ல அக்கா.

பிறகு இங்கே வீட்டு விலைக்கு விசர் பிடித்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நாங்கள் ஏலத்துக்குப் போவோம். சிட்னியில் வீடுகளை வீட்டு வாசலில் வைத்தே ஏலம் போடுவார்கள். கோட் போட்ட ஒருவர் நடுவில் நின்று கத்துவார், நாங்கள் பின்வரிசையில் பக்கத்து வீட்டு மதிலோடு ஒட்டிக்கொண்டு நிற்போம். என்னவர் கை தூக்குவதற்கு முன்பே விலை எங்களைத் தாண்டிப் போய்விடும். ஒருநாளாவது அந்தக் கை தலைக்கு மேலே போகட்டும் என்று நான் வேண்டாத தெய்வமில்லை. வீட்டுக்கு வந்தால் வாடகை கூட்டுகிறோம் என்று ஏஜென்டின் மின்னஞ்சல் வந்து கிடக்கும். குசினியில் அவண் அடுப்பின் கதவு மூடாது, பேப்பர் மடித்து இறுக்கித்தான் கேக் சுடுவேன். அதைத் திருத்தச் சொல்லிக் கேட்கவும் பயம், வாடகையை இன்னும் கூட்டிவிடுவார்கள்.

இப்படியொரு சனிக்கிழமைக்கு அடுத்த நாள் அவள் போனைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றிக் காட்டினாள். நான்கு அறை. நிலத்துக்குக் கீழே இன்னொரு வீடு மாதிரி ஒரு மண்டபம். உடுப்பு வைக்கும் அறைக்குள் அவள் நடந்து போனாள், சத்தியமாக நடந்து போனாள், உள்ளே திரும்பி வரவும் இடமிருந்தது. சமைக்கும் குசினிக்கு நடுவில் கல் பதித்த பெரிய மேசை ஒன்று.

"இதைத் தீவு எண்டு சொல்லுறவை அக்கா. பார் எவ்வளவு பெரிசு."

"நல்லா இருக்கு," என்றேன். "துடைக்கிறதுக்குக் கை உளையுமே."

விலை கேட்டேன். சொன்னாள். டூங்கபியில் எங்கள் தெருவில் மூன்றறைத் தனி வீடு ஒன்று அண்மையில் போன விலையில் பாதிகூட இல்லை. ஐயோ கடவுளே, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பரீட்சைக்கு இரவிரவாகப் படித்தவள் நான். அவள் என் பழைய கொப்பியைப் பார்த்து எழுதியவள். முதலில் வெளிநாடு வந்தவள் நான். தீவு அவளுக்காம்!

அதற்குப் பிறகுதான் அந்த இணையத்தளம். அமெரிக்காவில் கோழிகளுக்கு நோய் வந்து முட்டைக்குத் தட்டுப்பாடு என்று செய்தியில் சொன்ன நாள் நான் மனதுக்குள் கும்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரும்வரை பொறுக்க முடியவில்லை.

"முட்டை எல்லாம் யானை விலையாமே அங்க?"

"ஓம் அக்கா, கடையில விலைதான். பக்கத்து வீட்டுக்காரி கோழி வளக்கிறா, கிழமைக்கு ஒருக்கா ஒரு பெட்டி கொண்டுவந்து சும்மா தாறா."

பக்கத்து வீட்டுக்காரி கோழி வளர்க்கிறாளாம். எங்கள் பக்கத்து வீட்டுக்காரன் என் கார் பார்க்கிங் கோட்டைத் தாண்டி அரை அடி நின்றதற்குக் கார்க் கண்ணாடியில் கடிதம் ஒட்டுகிறவன். மகள் நான் போனை வைத்த வேகத்தைப் பார்த்துவிட்டு, "மம், யூ ஆர் சோ ஜெலஸ்," என்றாள். "போய்ப் படி," என்றேன்.

ஆடி மாதம், நல்ல குளிர் நாள் ஒன்றில் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போனோம். பூசை முடிந்து கீழே கன்ரீனில் தோசைக்கு வரிசை. சரியான சனம், சரியான சத்தம், பிள்ளைகள் ஒருபக்கம் கூச்சல். எங்கள் ஊர்க்காரர் எல்லாரையும் தெரிந்த ஒரு அன்ரி, தட்டோடு வந்து எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தா. நல்ல மனுசி. ஆனால் அவவின் காதில் போட்டால் கனடாவரைக்கும் கேட்கும்.

"பிள்ளை, தங்கச்சி ஆக்கள் வீடு வாங்கிட்டினமாமே? எங்க?"

கோயிலுக்கு வந்தாலும் இதே கதைதானா என்று எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. வாய்க்குள் தோசையோடு, "ஓம் அன்ரி, கொலம்பஸில," என்றேன்.

"கொழும்பிலயோ?" அன்ரி தட்டைக் கீழே வைத்தா. "ஐயோ, அப்ப திரும்பிப் போட்டினமோ? அமெரிக்கா சரிவரேல்லையோ? பாவம் பிள்ளையள்."

கொலம்பஸ் என்று திருத்திச் சொல்ல ஒரு நொடி போதும். வாயையும் திறந்தேன். ஆனால் அந்தப் "பாவம்" என்ற சொல் இருக்கிறதே, அது என் நெஞ்சுக்குள் இறங்கிய சுகத்தை என்ன சொல்ல. எத்தனை மாதத்துக்குப் பிறகு என் தங்கச்சியைப் பார்த்து ஒருவர் பாவம் என்கிறார்!

"என்ன செய்யிறது அன்ரி," என்றேன். "எல்லாருக்கும் எல்லா இடமும் சரிவராதுதானே."

அன்ரி என் கையைப் பிடித்துத் தடவினா. "நீர் எண்டா கெட்டிக்காரி. நிண்டு பிடிச்சிட்டீர்."

திரும்பி வரும்போது காரில் நான் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். என்னவர், "என்ன இண்டைக்கு, அம்மாளாச்சி வரம் தந்திட்டாவோ?" என்று பகிடி விட்டார். நான் அடுத்த பாட்டைத் தொடங்கினேன்.

இரண்டு கிழமையில் கதை கால் முளைத்து நடந்தது. மளிகைக்கடைக்காரர் சாமான்களைப் பையில் போட்டபடியே, "தங்கச்சி ஆக்கள் கொழும்புக்குப் போட்டினமாம்?" என்றார். தலையை ஆட்டினேன், ஓமா இல்லையா என்று தெரியாத ஓர் ஆட்டல். மகளின் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் ஒருத்தி, "வேலை போட்டுதாம் என்ன?" என்றாள். அது எனக்கே புதிது. வேலையை யார் பறித்தார்களோ தெரியாது, சனம் பறித்துவிட்டது. அப்போதாவது இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மரியாதை இருந்தது. வாடகை வீட்டில் இருப்பவளுக்கு அது சும்மா கிடைப்பதில்லை. அதே ஆட்டலை இன்னொருமுறை ஆட்டினேன்.

ஒரு புதன்கிழமை காலை, வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது தங்கச்சியின் அழைப்பு. புதன்கிழமையில் அவள் எடுப்பதில்லை.

"அக்கா, நாங்கள் கொழும்புக்குத் திரும்பிப் போட்டமாம், இவருக்கு வேலை போட்டுதாம், ரொறொன்ரோவில இவரின்ர அம்மாவுக்கு ஆரோ சொல்லியிருக்கினம். மாமி அழுது குளறி, பிறஷர் கூடி, இப்ப ஆஸ்பத்திரியில. என்னட்டை மறைச்சிட்டியள் எண்டு இவரோட கதைக்கவே மாட்டாவாம். ஆர் அக்கா இந்தக் கதையை விட்டது?"

யார் விட்டதென்று எனக்குத் தெரியும். ஆனால் என் வாயைப் பாருங்கள். அது பாட்டுக்குச் சொன்னது:

"ஆரோ பொறாமை பிடிச்சதுகள். சனத்துக்கு வேற வேலை என்ன."

"ஓம் அக்கா," என்றாள் மெதுவாக. "அப்பிடித்தான் இருக்கும்."

மாமி இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டா என்று அடுத்த ஞாயிறு சொன்னாள். அப்பாடா என்றிருந்தது. நானும் அந்தக் கதையை மேற்கொண்டு கிண்டவில்லை, அவளும் கிண்டவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எங்கள் பேச்சு மாறியது. அவள் வீட்டைக் காட்டுவதை நிறுத்திவிட்டாள். போனை எங்கேயோ சாத்தி வைத்துவிட்டு முகத்தை மட்டும் காட்டுவாள். கொஞ்ச நாளில் அதுவும் இல்லை, கமரா பழுது என்றாள். புது போன் வாங்கக் கையில் காசில்லைப் போல என்று நினைத்து எனக்கு உள்ளூரச் சந்தோசம். அவள் சொன்னதெல்லாம் கஷ்டம். கீழ் மண்டபத்துக்குள் மழைத் தண்ணீர் வந்துவிட்டதாம். வீட்டு வரி ஏறிவிட்டதாம். பல்லுப் பிடுங்கியதற்கு வந்த பில்லைப் பார்த்துப் பல்லே போயிருக்கலாம் என்றிருந்ததாம். வீட்டைச் சூடாக்கும் மெசின் பழுதாகி இரண்டு நாள் கம்பளிக்குள் கிடந்தார்களாம்.

ஐயோ, நான் அவளை எவ்வளவு அன்பாகத் தேற்றினேன்! "யோசிக்காத பிள்ளை, எல்லாம் சரிவரும்" என்பேன். "வீடு எண்டா அப்பிடித்தான், தலையிடி. நாங்கள் வாடகையில இருக்கிறதால தப்பினம்" என்பேன். ஒருமுறை, ஏதும் தேவையென்றால் கேள், அனுப்புகிறேன் என்றுகூடச் சொன்னேன். அனுப்ப என்னிடம் ஒன்றுமில்லை என்பது வேறு கதை. ஒரு மணித்தியாலப் பேச்சு இரண்டு மணித்தியாலம் ஆனது. இணையத்தளம் பக்கமே போகவில்லை. சனிக்கிழமை ஏலத்தில் தோற்று வந்தாலும் நித்திரை வந்தது. என் தங்கச்சி எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டாள் என்று நினைத்தேன். "பாவம் அவள்" என்று என்னவரிடம் பழையபடி சொல்லத் தொடங்கினேன்.

தை மாதம், இங்கே வெயில் கொளுத்துகிற காலம். நான் ஒரு மெடிக்கல் சென்ரரில் ரிசெப்ஷனில் வேலை செய்கிறேன். அன்று அதே அன்ரி பிறஷர் பார்க்க வந்தா. மருத்துவக் கார்டை என்னிடம் தந்துவிட்டுக் கவுண்டரின் கண்ணாடி ஓட்டைக்குள்ளால் முகம் முழுக்கச் சிரிப்பு.

"பிள்ளை, தங்கச்சிக்கு ஏழு மாசமாமே! எத்தினை வருசத்துக்குப் பிறகு! கேட்டவுடன அழுதே போட்டன். இப்பத்தான் ரொறொன்ரோவில அவளின்ர மாமியோட கதைச்சனான்."

அவர்களுக்குக் கலியாணமாகி ஒன்பது வருசம். எத்தனை டொக்டர், எத்தனை நேர்த்தி, எத்தனை ஞாயிறு அவள் என்னிடம் அழுதிருக்கிறாள். அந்த அழுகைக்கெல்லாம் ஆள் நான். ஏழு மாதம் எனக்குத் தெரியாது. அன்ரிக்குத் தெரிந்திருக்கிறது.

"ஓம் அன்ரி," என்றேன். கார்டைத் தலைகீழாகப் பிடித்து இலக்கத்தைத் தட்டினேன், மெசின் எடுக்கவில்லை.

"அப்ப பேறு பாக்க நீர் போகேல்லையோ? தாயில்லாத பிள்ளைக்கு அக்காதானே போறது. மாமி போறனெண்டு டிக்கெட்டும் போட்டிட்டா." பிறகு குரலைத் தாழ்த்தினா. "அண்டைக்குக் கோயில்ல கொழும்பு எண்டு மாறி விளங்கிப்போட்டன் பிள்ளை. என்ர காது சரியில்லை. அந்த மனுசியைச் சும்மா பதறப் பண்ணிப்போட்டன். நீரும் குறை நினைக்கக்கூடாது."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறா! எனக்குப் பின்னால் போன் அடித்துக்கொண்டிருந்தது. "அங்க போய் இருங்கோ அன்ரி, டொக்டர் கூப்பிடுவார்," என்று மட்டும் சொன்னேன்.

என் மகள் பிறந்தபோது தங்கச்சி விசா எடுத்து வந்து மூன்று மாதம் என்னோடு நின்றவள். அப்போது அவளுக்குக் கலியாணம்கூட ஆகவில்லை. மல்லி, மிளகு, மஞ்சள் எல்லாம் போட்டு அரைத்து எனக்குச் சரக்குக் கறி வைத்துத் தந்தவள், பிள்ளையைக் குளிப்பாட்டியவள், அழ அழத் தூக்கிக்கொண்டு நடந்தவள். அவளுக்கு ஒரு பிள்ளை கிடைத்தால் நான் போய் அப்படி நிற்க வேண்டும் என்று லீவை எடுக்காமல் சேர்த்து வைத்திருந்தேன். எத்தனை வருசத்து லீவு.

ஞாயிற்றுக்கிழமை வரும்வரை நான் நெருப்பாகத்தான் இருந்தேன். அழைத்தவுடனேயே கேட்டேன்.

"நான் உனக்கு ஆர்? ஊர்ச் சனத்துக்கெல்லாம் சொல்லியிருக்கிறாய். நான் ஒரு கண்ணாடி ஓட்டைக்குள்ளால கேட்டு அறியவேணுமோ?"

அவள் அழவுமில்லை, கோபிக்கவுமில்லை. "பிள்ளை பிறந்தபிறகு சொல்லுவம் எண்டு பாத்தனான் அக்கா."

"ஏன், என்ர கண் பட்டிடும் எண்டோ? மாமி சொல்லித் தந்தவவோ நாவூறு படும் எண்டு?"

"மாமி சொன்னவதான். நான் அதை நம்பேல்லை." மூச்சு வாங்கினாள். "நான் கஷ்டத்தைச் சொன்னா நீ எவ்வளவு அன்பாக் கதைக்கிறாய். நல்லது ஒண்டைச் சொன்னா உன்ர முகம் மாறிப்போகும். வீடு காட்டின அண்டைக்குப் பாத்தனான். இந்தப் பிள்ளையைச் சொல்லேக்க அந்த முகத்தைப் பாக்க எனக்கு ஏலாது அக்கா."

"உனக்கென்ன விசரே? நான் எப்ப முகத்தை மாத்தினனான்? கமரா பழுது, வீட்டுக்குள்ள தண்ணி எண்டு என்னட்டைப் பொய் சொன்னவள் நீ!"

"தண்ணி வந்தது மெய்தான். ஒரு வாளித் தண்ணி." பிறகு மெதுவாகச் சொன்னாள். "மாமி ஆஸ்பத்திரியில இருக்கேக்கயே சொன்னவ, உன்னட்டைக் கேட்டுத்தான் அன்ரி சொன்னவ எண்டு. நீயா எனக்குச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். அன்ரிக்குக் கொலம்பஸ் எண்டு விளங்கேல்லை, சரி. உனக்கு விளங்கினதுதானே அக்கா?"

குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், போன் காதில்தான் இருந்தது. மன்னித்துக்கொள் என்றேன். பொறாமைதான் என்றேன், உன்னைப் பார்த்துப் பொறாமைதான், வேறொன்றுமில்லை என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சொல்லை அவளிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "அதை விடு அக்கா," என்றாள். "அழாத."

"பிள்ளை எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன். "டொக்டர் என்ன சொல்லுறார்? துடிக்கிறது தெரியுதோ? ஆம்பிளையோ பொம்பிளையோ? எனக்குச் சொல்லு பிள்ளை. நல்லதாச் சொல்லு."

அவளுக்குப் பின்னால் யாரோ சிரித்துக் கதைக்கும் சத்தமும், ஏதோ ஆணி அடிக்கும் சத்தமும் கேட்டன. பிள்ளைக்கு அறை தயார்ப்படுத்துகிறார்கள் போல. அவள் கதவொன்றைச் சாத்தினாள், சத்தம் நின்றது.

"நல்லது எங்க அக்கா," என்றாள், நான் விரும்பிக் கேட்டுப் பழகிய அந்தக் கஷ்டக் குரலில். "கால் எல்லாம் சரியான வீக்கம். ஒண்டும் வடிவாச் சாப்பிட ஏலாது. இஞ்ச ஒரே பனி, வெளியில கால் வைக்க வழியில்லை."

நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.